பாட்டிலில் இருப்பது என்ன: சேலத்திலும் ஏற்காட்டிலும் யாரிடம், எதைக் கேட்பது

சேலத்தில் பல இடங்களில் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே சுவர் கிடையாது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் முன்னறையில் கொலுசு வேலை நடக்கும், பின்னறையில் சோறு வேகும். கழிவறை கழுவும் ஆசிட் தெருவில் வண்டியில் வருகிறது. பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பினாயிலும் அப்படித்தான். ஏற்காட்டுத் தோட்டங்களில் மிச்சமான பூச்சிமருந்து பிராந்தி பாட்டிலுக்கு மாறிக் கூரை இடுக்கில் ஏறிவிடுகிறது. ஏதாவது ஆகிவிட்டால் மருத்துவர், நச்சுத் தகவல் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என்ன பொருள்? அதற்குப் பதில் கையில் இல்லாததால்தான் நேரம் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது. அதனால் பொருளின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது, அந்தப் பெயரோடு எந்தக் கதவைத் தட்டுவது என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

விழுங்கிவிட்டால், கண்ணில் பட்டால்

மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம் இருந்தால் யோசிக்காமல் 108. குழந்தை விழுங்கிவிட்டது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஆங்கிலமோ இந்தியோ பேசக்கூடியவர் பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம். சிகிச்சை பார்க்கும் மருத்துவரும் அதே எண்ணில் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. சிறிய மருத்துவமனையில் இருந்தால் இந்த எண்ணை எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள்.

அழைக்கும் முன் சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: வயது, ஏறத்தாழ உடல் எடை, லேபிளில் உள்ள வேதிப்பொருளின் பெயரும் விழுக்காடும், எவ்வளவு குறைந்திருக்கிறது, எத்தனை மணிக்கு, வாய் வழியா மூச்சு வழியா தோல் வழியா, இப்போது என்ன அறிகுறி. விளம்பரப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வரும் கொசு விரட்டியில் சுருள், திரவம், தெளிப்பான் மூன்றிலும் மருந்து வேறு வேறாக இருக்கும். பாட்டிலையே எடுத்துப் போவது நல்லது. முடியாவிட்டால் லேபிளின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அந்தத் துணியையும் ஒரு கவரில் கட்டி எடுத்துப் போங்கள்.

உப்புக் கரைசல், புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இது பல நேரம் விஷத்தைவிடப் பெரிய கேடு. ஆசிட் மேலே ஏறும்போது உணவுக்குழாயை இரண்டாவது முறை சுடும். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா வரும். ஆசிட் குடித்தவருக்குச் சோடா உப்பு கொடுத்து முறிக்கப் பார்ப்பதும் தவறு. வயிற்றில் வாயுவும் சூடும் கிளம்பும். வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு உடனே கிளம்புவதுதான் சரி.

கற்பூரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூஜை அறையில் எட்டும் உயரத்தில் இருக்கிறது, கற்கண்டு போல வெள்ளையாக இருக்கிறது. சிறு குழந்தை ஒன்றிரண்டு வில்லை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். அந்துருண்டை வேறு வகை: அதில் நாப்தலீன் இருந்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, இரத்த அணுக்கள் உடைவது தெரியவரும். ஜி6பிடி குறைபாடு (இரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு இது மிக வேகமாக நடக்கும். நாப்தலீன் வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பிறந்த குழந்தைக்குச் சுற்றியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

கவர் இல்லாமல் ஒரு வெள்ளை உருண்டை மட்டும் கிடைத்தால், இருப்பதில் இன்னொரு உருண்டையை வைத்து அது எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் 120 மில்லியில் 3 மேசைக்கரண்டி உப்பு போட்டு, இனிமேல் கரையாது என்னும் வரை கலக்குங்கள். இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் கற்பூரம். வெறும் தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதந்தால் நாப்தலீன். இரண்டிலும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன். மூன்றில் நச்சுத்தன்மை குறைந்தது இதுதான். ஒருவர் இதைப் பார்க்கட்டும், இன்னொருவர் அதற்குள் குழந்தையோடு வண்டியில் ஏறட்டும். முடிவைப் போனில் சொன்னால் போதும்.

எலி பேஸ்ட் பட்ட விரலைக் குழந்தை வாயில் வைத்தது தெரிந்தால் அன்றே பெரிய மருத்துவமனை. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பேஸ்டுக்குத் தமிழகத்தில் தடை உண்டு. ஆனால் பழைய சரக்கு வீடுகளில் கிடக்கிறது. முதல் நாள் வாந்தி நின்றுவிடும், குழந்தை விளையாடும், வீட்டார் நிம்மதி அடைவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரல் செயலிழந்து மஞ்சள் காமாலையாக வெளியே வரும். அந்த இடைப்பட்ட அமைதியை நம்பவே கூடாது.

பொத்தான் பேட்டரி விழுங்கியது தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் சுட்டுவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தை என்றால் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன், அதிகம் 6 முறை. தேன் தேடி நேரம் போக்க வேண்டாம்.

கண்ணில் எது பட்டாலும் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. ஆசிட் மேலோட்டமாகச் சுட்டு நிற்கும். சுண்ணாம்பு காரம் என்பதால் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். இமையைப் புரட்டி, ஒட்டியிருக்கும் துகளை ஈரத்துணி முனையால் எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். துகளை விட்டுவிட்டு மணிக்கணக்கில் கழுவினாலும் பயன் குறைவு. தாய்ப்பாலோ எண்ணெயோ விடாதீர்கள்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருப்பதால் இங்கே டைல்ஸ், வாளி, குழாய் எல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதற்குத்தான் வீடுதோறும் ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கம்பெனிக் கழிவறைத் திரவங்களிலும் பலவற்றில் அதே அமிலம் 10 விழுக்காடு அளவில் உண்டு. சில்லறையில் வருவதில் அளவு என்னவென்று ஊற்றிக் கொடுப்பவருக்கே தெரியாது.

ஆசிட் ஊற்றிவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் சில மூச்சிலேயே இருமல், நெஞ்சு இறுக்கம், கண் எரிச்சல் வந்துவிடும். கதவைத் திறந்து போட்டு வெளியே வந்துவிடுங்கள். வாளியைத் தூக்கி வெளியே வைக்கிறேன் என்று மறுபடி உள்ளே போக வேண்டாம். குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து துடைப்பவருக்குத்தான் அதிகம் ஏறும். இருமல் அடங்கிவிட்டாலும் அன்றைக்கு முழுவதும் கவனிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், வயதானவர் என்றால் மருத்துவமனையில் காட்டிவிடுவது நல்லது.

வெள்ளைப் படிவுக்கு இவ்வளவு வீரியமான அமிலம் தேவையே இல்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு 50 கிராம், அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். இதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. எந்த அமிலமானாலும் குளோரின் வரும். மார்பிள், கடப்பாக் கல் தரையில் எந்த அமிலமும் வேண்டாம், கல்லையே தின்னும்.

ஆசிட் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் லேபிள் உள்ள சீல் வைத்த பாட்டிலில் வாங்குங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், "நாங்கள் தனியாகத்தான் வைத்திருக்கிறோம்" என்றாலும்.

பட்டறை வீட்டுக்குள் இருந்தால்

கொலுசு வேலையில் ஆபத்து மூன்று இடத்தில் இருக்கிறது: பற்றவைப்பு, ஆசிட், தூசி.

பற்றவைக்கும் பொடியில் வெள்ளி, செம்பு, துத்தநாகம் இருக்கும். உருகும் வெப்பத்தைக் குறைக்கச் சிலவற்றில் காட்மியமும் சேர்ப்பார்கள். காட்மியம் சூடேறினால் மஞ்சள் கலந்த பழுப்புப் புகை. துத்தநாகப் புகைக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் மாதிரி வந்து மறுநாள் போய்விடும். காட்மியப் புகைக்கும் தொடக்கம் அதே மாதிரிதான், ஆனால் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீரகம் கெடும். காய்ச்சல் என்று போகும்போது "பொடி ஊதினேன்", அதாவது பற்றவைப்பு வேலை செய்தேன் என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காட்மியம் பாதிப்பைச் சிறுநீர்ப் பரிசோதனையில் பார்க்கலாம்.

பொடி வாங்கும் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: காட்மியம் இருக்கிறதா? பாதுகாப்புத் தரவுத் தாள் கிடைக்குமா? வேதிப்பொருள் தயாரிக்கும் முறையான கம்பெனி எதுவாக இருந்தாலும் இந்தத் தாளை வைத்திருக்கும். மூன்றாம் பிரிவில் என்னென்ன கலந்திருக்கிறது, நான்காம் பிரிவில் முதலுதவி, எட்டாம் பிரிவில் எந்தக் கையுறை, எந்த மாஸ்க் என்று இருக்கும். எங்கே வாங்கினாலும் பிரிவு எண் மாறாது. தாளே கிடையாது என்று சொல்லும் கடைப் பொடியை விடுங்கள்; காட்மியம் இல்லாத பொடி சந்தையில் இருக்கிறது.

ஆசிட்டில் பெரிய பயம் நைட்ரிக். வெள்ளியோ செம்போ அதில் கரையும்போது செம்பழுப்பு வாயு எழும். மூச்சில் போன உடனே தொண்டை லேசாகக் கரகரக்கும், பிறகு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆறு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்து மூச்சுத் திணறல் தொடங்கும். செம்பழுப்புப் புகையை இரண்டு மூச்சு நன்றாக இழுத்துவிட்டால் அன்றே மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதுதான் பாதுகாப்பு. நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முலாம் பூசும் இடத்தில் சயனைடு உப்பு இருந்தால் ஆசிட் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. இரண்டும் கலந்தால் வரும் வாயு நிமிடங்களில் கொல்லும்.

சாதாரண மின்விசிறியை முதுகுக்குப் பின்னால் வைப்பது பலர் செய்வது. காற்று உடம்பைச் சுற்றிவந்து புகையை முகத்தருகே சுழற்றிவிடும். உறிஞ்சும் விசிறி அடுப்பு மட்டத்தில், வேலை செய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். புகை முகத்தைத் தாண்டாமல் வெளியே போக வேண்டும். என்95 மாஸ்க் உலோகப் புகைத் துகளைத் தடுக்கும், ஆசிட் ஆவியைத் தடுக்காது. கைக்குட்டை இரண்டையும் தடுக்காது.

தூசியைக் கூட்டி வைப்பதில் பணம் இருக்கிறது. அந்த மண்ணில் வெள்ளி இருக்கிறது. அதனால்தான் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுகிறார்கள், வீடு முழுக்கப் பறக்கிறது. ஈரத் துணியாலோ ஸ்பாஞ்சாலோ ஒற்றி எடுத்து, அந்தத் துணியையே சேர்த்து வைத்துச் சுத்திகரிப்புக்குக் கொடுத்தால் வெள்ளி நட்டமாகாது. பட்டறைத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். பட்டறை இருக்கும் அறையில் குழந்தை தவழக் கூடாது, கர்ப்பிணி பொடி ஊதும் நேரத்தில் அங்கே உட்காரக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஈயச் சொம்பு

ரசத்துக்கு ஈயச் சொம்பு என்பது வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் பெரிய கேடில்லாத உலோகம். விலை ஏற ஏற அதில் காரீயம் (லெட்) கலப்பதுதான் சிக்கல். புளியும் தக்காளியும் சேர்ந்த சூடான ரசம் காரீயத்தைக் கரைத்து எடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். 1 கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு போதும். காய்ந்த சொம்பின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பித் தராசின்மேல் வைத்து எடையைப் பூச்சியமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல், உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதனால் வகுங்கள். சுத்த வெள்ளீயம் என்றால் 7.3 பக்கம் வரும். காரீயம் 20 விழுக்காடு இருந்தால் 7.8க்கு மேல், 40 விழுக்காடு என்றால் 8.5. உதாரணமாக 365 கிராம் சொம்பு, தராசில் 50 என்றால் 7.3, சரி, அதே சொம்பு 43 என்று காட்டினால் 8.5, அதில் ரசம் வைக்கவே கூடாது. கைப்பிடிக்கு வேறு உலோகம் வைத்திருந்தால் கணக்கு தவறும். 10 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள கலப்பை இந்த முறை காட்டாது, 7.3 வந்ததால் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

அதற்கு எக்ஸ்ரே கதிர் சோதனை வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: வெள்ளி, தங்கம் தரம் பார்க்கும் கடைகள் ஊர் நிறைய, அங்கே இருப்பது இந்த வகை இயந்திரம்தான். எல்லா இயந்திரமும் காரீயத்தைக் காட்ட அமைக்கப்பட்டிருக்காது. "காரீயம், காட்மியம் இரண்டும் பட்டியலில் வருமா" என்று முதலில் கேட்டுவிட்டு, வரும் என்றால் சொம்பின் அடி, பக்கம், விளிம்பு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயத்துக்கும் இதே சோதனை.

இரண்டாவது வழியில் காரீயம் வருவது பெயின்ட். வீட்டு பெயின்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் கதவு, ஜன்னல் கம்பிகளைப் பொங்கலுக்கு முன் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்துத் தேய்த்து, கீழே தாள் விரித்து, குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விட்டுவிடுங்கள். குழந்தைக்குச் சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தமாக இருக்க வேண்டும், விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் உள்ள தூசியும் சேர்ந்துவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

தண்ணீரும் ஜவ்வரிசியும்

மேட்டூர்க் குடிநீர் வராத, போர் தண்ணீரை நம்பும் இடங்களில் ஃபுளோரைடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து தருமபுரி அளவுக்குப் பேசப்படாவிட்டாலும் சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது. இந்திய தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, மாற்று வழி இல்லாதபோது 1.5 வரை. பிள்ளைகளின் நிலைத்த பற்களில் பழுப்புக் கோடு தெரிந்தால் சிறு வயதிலேயே உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் சேலத்தில் ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டி யாரும் பரிசோதிக்கலாம். புதிய 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன், சோப்பு போடாமல் அதே தண்ணீரால் மூன்று முறை அலசியது. மோட்டாரை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, காற்று இல்லாமல் நிரப்பி மூடி, தேதி, இடம், எத்தனை அடி ஆழம் என்று எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு இந்தக் கேன் ஆகாது. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றே கொடுக்க வேண்டும். வழக்கமான பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் வரும். காரீயம், குரோமியம், பூச்சிமருந்து வராது. சாயப்பட்டறைக் கழிவு கலந்ததாகச் சந்தேகப்படும் திருமணிமுத்தாற்றுக் கரையோரக் கிணறு என்றால் கன உலோகங்களைப் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். அறிக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன் எதைப் பார்த்தார்கள் என்று பாருங்கள்.

ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு. கண்ணைப் பறிக்கும் வெள்ளை என்றால் வாங்க வேண்டாம். நாலைந்து ஜவ்வரிசி மணியை எரித்தால் சுத்தமானது உப்பி எரிந்து சாம்பல் ஏறக்குறைய இருக்காது. மண்ணோ டால்கமோ கலந்திருந்தால் சாம்பல் மிஞ்சும். வெளுக்கப் போட்ட ரசாயனத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322; பேட்ச் எண், கடை, பில் மூன்றின் படத்தோடு அனுப்புங்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் சேலத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி வாங்குபவரே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்; வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், குறை நிரூபணமானால் கட்டணம் திரும்ப வரும்.

மலையில்

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. நடுவே போன் சிக்னல் அறுந்துபோகும். எனவே கிளம்பும் முன்பே பேச வேண்டியதைப் பேசி முடித்துவிடுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை, அங்கே நிலைப்படுத்திய பிறகு கீழே. வண்டியில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வளைவுகளில் வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் இருக்கும்.

காப்பித் தோட்டத்தில் மருந்தடித்தவருக்குக் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டி, வயிறு போனால் அது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் பாதிப்பு. தூக்குபவர் கையில் பிளாஸ்டிக் கவராவது மாட்டிக்கொண்டு, துணிகளைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பையும் தலைமுடியையும் கழுவிவிட்டு ஏற்றுங்கள். டப்பாவின் லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. லேபிளில் முறிமருந்தின் பெயரும் அச்சாகி இருக்கும். காலி டப்பாவில் தண்ணீர் மொள்ளக் கூடாது. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவைக் குத்திப் பாழாக்கிவிட வேண்டும்.

மார்கழி, தைக் குளிரில் விடுதி அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கரி அடுப்பை வைத்துத் தூங்குவது உயிரைக் கொடுக்கும். புகை அடங்கிய கங்குதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும்; வாசனை கிடையாது. ஒரே அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் வெளியே வாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இதில் ஏமாற்றும், 98 என்றே காட்டும். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். குளியலறைக்குள் வைத்த கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து. கேஸ் கசிவு வாசனை வந்தால் 1906.

காற்றும் கழிவும்: புகார்

இரவில் ஆசிட் நெடி, மேக்னசைட் வெட்டிய கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கத்துப் புழுதி, எரியும் குப்பை, ஓடையில் சாயத் தண்ணீர் என்று எதுவானாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்தான் முதல் கதவு. அலுவலகம் மெய்யனூர் சாலையில். "நாற்றம் தாங்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால், அவர்கள் பகலில் வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது, கோப்பு மூடப்படும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: தேதி, தொடங்கிய மணி, அடங்கிய மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, நெடி எப்படி, யாருக்கு என்ன ஆனது. நாலைந்து வீட்டார் தனித்தனியாகக் குறித்து மணி ஒத்துப்போனால் அதற்குக் கனம் கூடும். ஆய்வுக்கு எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். சாயத் தண்ணீர் என்றால் தேதியும் இடமும் பதியும்படி போட்டோ. வெளியேறும் குழாயின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு படம். நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள், முதல்வரின் உதவி எண் 1100லும் பதியலாம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிட முடியும். ஆவணத்தைக் கேளுங்கள்: அந்த ஆலைக்கு வழங்கிய இயக்க இசைவாணையின் (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதியின்) நகல், கடைசி மூன்று ஆண்டு ஆய்வறிக்கைகள், கழிவுநீர், காற்று மாதிரி முடிவுகள், அனுப்பிய நோட்டீஸ்கள். இசைவாணையில் எந்த ரசாயனம், எவ்வளவு, கழிவு எங்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கும். மருத்துவரிடம் காட்ட வேண்டிய பெயர்களும் அதில்தான் இருக்கும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்தது அரைகுறை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். முதல் மனுவின் நகலும் தபால் ரசீதும் கூட வேண்டும். மேல்முறையீட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை.